கடுக்காயும் காணிக்கையும்

கோணான்குப்பம்

பழுதுபட்ட பழைய கோயிலைப் புதுப்பிக்கும் பொருட்டு ஓர் ஊரார் தங்களுக்குள் வரி போட்டுப் பணம் சேர்க்கத் தொடங்குகிற காலத்திலேதான், அதுவரை வெளிக்குத் தெரியாதிருந்த அவ்வூரின் அன்பும் பகையும், உறவும் ஒதுக்கமும் ஒருங்கே வெளிச்சத்துக்கு வருகின்றன. தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த எனக்கு, கோயிலுக்குக் கொடுப்பது என்றால் அன்றன்றைய மீன்பாட்டில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது என்றுதான் அர்த்தம். மீன் பட்டால் கோயிலுக்கும் உண்டு, கடல் கைவிட்டால் கோயிலும் காத்திருக்கும். மழையையும் கிணற்றையும் நம்பியிருக்கும் உள்நாட்டுச் சீமையிலே, கரும்பும் மரவள்ளியும் விளையும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலே, ஜனங்கள் தங்கள் பழைய மாதா கோயில்களை எவ்விதம் காப்பாற்றி வருகிறார்கள் என்பதைக் கண்ணால் காண வேண்டுமென்ற ஆசை நெடுநாளாக இருந்தது. அறுவடை முடிந்து, வெயில் இன்னும் உறைக்கத் தொடங்காத மாசி மாதத்தின் முற்பகுதியில் அந்தப் பிரயாணம் வாய்த்தது.

முதலில் சென்றது கோணான்குப்பத்துக்கு. கடலூர் மாவட்டத்தின் எல்லைக்குள் அடங்கியதாயினும், உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் போகும் திசையில் மங்கலம்பேட்டைக்கு அருகே இருக்கும் இந்த ஸ்தலத்தைத் தொழாமல் இச்சீமையின் கிறிஸ்தவ கிராமங்களைக் காணப் புறப்படுவது முறையாகாது. 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியக் கரை சேர்ந்து, தமிழைத் தம் சொந்த மொழியாகவே ஆக்கிக்கொண்டு, 3,615 பாக்களில் தேம்பாவணியைப் பாடிய வீரமாமுனிவர், பெரியநாயகி அன்னைக்கு எடுப்பித்த கோயில் இது. முகாசாபரூர்ப் பாளையக்காரரான கச்சிராயர் நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்து, அன்னையை வேண்டிப் பிள்ளைப்பேறு பெற்று, அந்த நன்றியால் கோயில் கட்டப் பொருளுதவி செய்தார் என்பதும், தமிழ்ப் பெண்ணின் உடையும் சாயலும் கொண்ட அன்னையின் சுரூபம் மணிலா நகரிலே செய்யப்பட்டுக் கப்பலேறி வந்தது என்பதும் கர்ணபரம்பரையாக வழங்கிவரும் செய்திகள்.

ஜனவரி 23ஆம் தேதிப் பெருவிழா முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தபடியால், திடலில் கடைகள் நின்ற குழிகள் இன்னும் மூடப்படாமல் கிடந்தன. கோயிலுக்குள் முழந்தாளிட்டிருந்த வயோதிகப் பெண் ஒருத்தி, மடியிலிருந்து உப்பும் மிளகும் எடுத்துப் பீடத்தின் அருகே வைத்துவிட்டு, இன்னொரு முடிச்சை அவிழ்த்துக் கேழ்வரகு ஒரு கைப்பிடி அளவு அதன் பக்கத்தில் கொட்டினாள். திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து வருடந்தோறும் வருவதாகவும், விழாக் கூட்டத்தில் தாயை நெருங்க முடியாதபடியால் கூட்டம் கலைந்த பிறகே வருவதாகவும் சொன்னாள். "மொதல் வெளச்சல் அவளுக்குத்தானே ஐயா. நாங்க திங்கிறதுக்கு முன்னால அவ வாயி நனையணும்" என்றாள். கச்சிராயர் கொடுத்தது ஒரு காலத்தில் ஒருவர் கொடுத்த பெருங்கொடை. ஆயினும் ஏறத்தாழ முந்நூறு மழைக்காலங்களை இந்த ஸ்தலம் கடந்து வந்திருப்பது, ஆண்டுதோறும் இப்படி ஒரு கைப்பிடி கொண்டுவந்து கொட்டியவர்களால்தான் என்று எனக்குத் தோன்றியது. கட்டியவர்களைப் பற்றி வரலாறு பேசுகிறது. ஒழுகிய கூரையை அடைத்தவர்களைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை. இந்தப் பிரயாணத்தில் அவர்களையே தேடிப் போவது என்று அங்கே நிச்சயித்துக்கொண்டேன்.

எறையூர்

உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ள எறையூர், கத்தோலிக்கர் பெருந்தொகையாக வாழும் பழைய ஊர். தெருக்கள் அகலமானவை, வீட்டு வாசல்களில் மரவள்ளிக் கிழங்கு குவிந்து கிடந்தது, கோயில் மணியோசை கேட்டதும் களத்தில் நின்றவர்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை வரைந்துகொண்டார்கள். ஜெபமாலை அன்னையின் ஆலயம் ஊரின் மத்தியில் நிமிர்ந்து நிற்கிறது. அதன் முன்னே நிற்கும்போது, 2008ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி இவ்வூரில் நடந்ததை நினையாமல் இருக்க முடியவில்லை. தலித் கிறிஸ்தவர்கள் தங்களுடைய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக ஆக்க வேண்டுமென்று கேட்டதை ஒட்டி மூண்ட கலகத்தில் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸார் துப்பாக்கியால் சுட்டதில் இருவர் இறந்தனர். ஒரே அன்னையை, ஒரே செபத்தால் வணங்குகிற இரு சாரார், ஒரே கோயிலில் சமமாக நிற்கவும், ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடங்கவும் கூடாமற் போனது தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய எங்கள் எல்லோருக்கும் அவமானம். இதை மறைத்துவிட்டு, கோயில் திருப்பணியைப் பற்றி இனிமையாக எழுதுவது என் மனத்துக்கு ஒவ்வாது.

ஏனென்றால் திருப்பணி நிதிக்கும் இந்தப் பிணக்குக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. 'எங்கள் முன்னோர் பணம் போட்டுக் கட்டிய கோயில்' என்ற வாதம் தமிழ்நாட்டில் ஒதுக்கத்தின் பக்கம் நின்று எத்தனையோ முறை பேசியிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம், வெவ்வேறு சாதியார் ஒருவரையொருவர் பாராமலே பூசை காணும்படி இரண்டு மண்டபங்களாகப் பிரிந்து ஒரே பீடத்தின் முன்னே கூடும் விசித்திரமான அமைப்பில் கட்டப்பட்டது. 1910இல் அந்தப் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டபோது, சுவரை மீண்டும் எழுப்பக் கோரியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில் அவர்களுக்கு அந்த உரிமை இல்லையென்றே தீர்ப்பாயிற்று. பணம் கொடுத்தவன் பாகஸ்தன் என்ற நியாயம் கடை வியாபாரத்துக்குப் பொருந்தும்; தேவாலயத்தில் அது செல்லாது.

ஆனால் இதற்கு மறுபுறமும் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தாரிடம் வரி கேளாமலே விட்டுவிடுவது, பார்வைக்குத் தயவு போல இருந்தாலும், பல கிராமங்களில் அது ஒதுக்கி வைப்பதன் முதற்படியாகவே இருந்து வந்திருக்கிறது. வரிப் பட்டியலில் பெயர் இல்லாதவனுக்குத் தேர் இழுக்கும் கயிற்றிலும் இடமில்லை. கொடியேற்றத்து அன்று அவனை யாரும் கூப்பிடுவதில்லை. கணக்கு வாசிக்கும்போது கேள்வி கேட்கவும் அவனுக்கு வாயில்லை. எறையூரில் இரு தெருக்களிலும் தேநீர் அருந்தினேன். பழையதைக் கிளற இரு பக்கத்தாருக்கும் விருப்பமில்லை. விசாரித்துத் துருவ எனக்கும் விருப்பமில்லை. ஓர் இளைஞர் மட்டும் விடைபெறும்போது, "எங்க பசங்க ஒண்ணாத்தான் பள்ளிக்கூடம் போறாங்க, ஐயா. அத எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

கள்ளக்குறிச்சி

2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து பிரிந்து மாவட்டத் தலைநகரான கள்ளக்குறிச்சி, இன்னும் பெரிய சந்தைக் கிராமத்தின் சுபாவத்தை விட்டுவிடவில்லை. நெல் மூட்டையும் மக்காச்சோள மூட்டையும் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக்களோடு போகும் ஜனங்களைக் காணலாம். 2024 ஜூன் மாதத்தில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த கருணாபுரம் இவ்வூரிலேதான் இருக்கிறது. அந்தத் தெருவைக் கடந்து போகையில் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகங்களைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நிதி சேர்ப்பவர்கள் ரசீதுப் புத்தகத்தோடு எந்தத் தெருவுக்குள் போகலாம், எந்தத் தெருவில் கையை நீட்டாமல் வெறுமனே உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு வரவேண்டும் என்பதை அறிந்திருப்பது அவசியம். மத்தியானம் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் சோறும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் உண்டு, சங்கராபுரம் பக்கமாகப் புறப்பட்டேன். எங்கள் கடற்கரையில் மீனில்லாத குழம்பைச் சாப்பாடென்று எண்ணுவதில்லை. இங்கே அந்தக் குழம்பின் காரமும் புளிப்பும் மீனை மறக்கவே செய்துவிட்டன.

சங்கராபுரத்துக்கு மேற்கே

நான் முக்கியமாகக் காணப் போனது சங்கராபுரத்துக்கு மேற்கே உள்ள ஒரு பங்கைத்தான். ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அவர்கள் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது, பத்திரிகையில் பெயர் வருவதை அவர்கள் விரும்பவும் இல்லை. இயேசு சபை 1773இல் கலைக்கப்பட்ட பின் இந்தப் பிரதேசத்துக்குப் பொறுப்பேற்ற பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் குருக்கள் காலத்தில், 1876-78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு தென்னார்க்காட்டில் பெருகிய கிறிஸ்தவ கிராமங்களில் இதுவும் ஒன்று. சுட்ட செங்கல், சுண்ணாம்புக் காரை, தேக்கு உத்தரங்கள், உத்தரங்களின் மேலே சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கிப் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் தளம் என்று, அக்காலத்துக் கட்டட முறை முழுவதையும் இந்த ஒரு கோயிலிலே பார்த்துவிடலாம். இருநூறு பேர் முழந்தாளிட்டாலும் உள்ளே புழுக்கம் தெரியாது. பட்டப்பகலில் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், தண்ணென்றிருந்தது.

இப்படிப்பட்ட கோயிலுக்கு நோய் வந்தது மழையினால் அன்று, மருந்தினால். சில பத்தாண்டுகளுக்கு முன் சுவரில் காரை உதிர்ந்தபோது, அவசரத்தில் சிமெண்டைப் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும் தன்மையது. அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, செங்கல்லையே மாவாக்கிவிடுகிறது. தளத்திலும் அப்படியே, ஒழுக்கை நிறுத்தப் போட்ட சிமெண்டுப் பூச்சு வெடித்து, வெடிப்பின் வழியே இறங்கிய நீர் தேக்கு உத்தரங்களின் முனைகளை அரித்துவிட்டது.

பிறகு எழுந்ததுதான் பெரிய விவாதம். கோயிலை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் உயரமான புதுக்கோயில் கட்டலாம் என்று ஒரு கட்சி. பழையதை அப்படியே ஜீர்ணோத்தாரணம் செய்யவேண்டும் என்று ஒரு கட்சி. தமிழ்நாடெங்கும் எத்தனையோ அழகான பழைய கோயில்கள் முதற்கட்சியின் வெற்றியால் மறைந்து போயிருக்கின்றன என்பதை மிகுந்த துக்கத்துடன் எழுதுகிறேன். புதுக்கோயிலுக்குப் பணம் சேர்ப்பது எளிது. ஒவ்வொரு தூணுக்கும், ஒவ்வொரு ஜன்னலுக்கும், ஒவ்வொரு மின்விசிறிக்கும் ஓர் உபயதாரரின் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கலாம். பழைய தளத்தில் அரித்துப்போன உத்தரத்தின் முனையை மாற்றினால் யார் பெயரை எங்கே பொறிப்பது? வேலை முடிந்த பிறகு கண்ணுக்குத் தெரியாமற் போவதே திருப்பணியின் உத்தம லட்சணம். கொடுப்பவனின் ஆசைக்கு அதுவே பெரிய பரீட்சை. பாரிஸ் நகரத்து நோத்ரதாம் பேராலயம் 2019 ஏப்ரலில் தீப்பற்றியபோது, 150 நாடுகளிலிருந்து சுமார் 3,40,000 பேர் 84 கோடி யூரோவுக்கு மேல் அனுப்பிவைத்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து 2024 டிசம்பரில் அது மீண்டும் திறக்கப்பட்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த நெருப்பு அது. சங்கராபுரத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் உத்தரம் உளுத்துப்போவதை யார் பார்க்கிறார்கள்?

இங்கே பார்த்தவர்கள் பெண்கள். பெரும்பான்மைக் கட்சி இடிப்பதற்குச் சம்மதித்துவிட்ட நிலையில், அன்பியங்கள் என்னும் பங்கின் சிறு குழுக்களைச் சேர்ந்த பெண்கள் கூடி, "எங்க பாட்டி தளம் அடிச்ச கோயிலு, சாமி" என்று பங்குத்தந்தையிடம் போய் நின்றார்களாம். அது வெறும் பாசப் பேச்சன்று. மெட்ராஸ் டெரஸ் தளத்தில், செங்கற்களின் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடித்து அடித்து இறுக்குவது அக்காலத்து வழக்கம். அடிக்கும் தாளத்துக்குப் பாட்டும் உண்டு. பாட்டிகளின் கையுழைப்பு அந்தத் தளத்தில் இன்னும் இருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகு, இடிக்கலாம் என்றவர்களின் குரல் தணிந்துவிட்டது.

நிதி சேர்க்கும் முறையைப் பொருளாளராக இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விளக்கினார். சிவப்புக் காலிக்கோ அட்டை போட்ட நீளமான பேரேடு ஒன்றை அவர் மேசை மேல் விரித்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. எழுத்து மணிமணியாக இருந்தது. முதல் பத்தியில் தலைக்கட்டு வரி: குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுவது. இரண்டாவதில் பிடியரிசி: சோறு வடிக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, வாரம் ஒருமுறை கோயிலுக்குக் கொண்டுவந்து அளக்கிறார்கள், அது விற்று வரும் பணம். மூன்றாவதில் ஏலம்: ஞாயிறு பூசைக்குப் பின் காணிக்கையாக வந்த பூசணிக்காய், சேவல், வாழைத்தார் முதலியவற்றைக் கோயில் வாசலிலேயே ஏலம் விடுவது. நான் இருந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பூசணிக்காயை நால்வர் போட்டி போட்டு விலையேற்றி, எடுத்தவரே அதைத் திரும்பவும் ஏலத்துக்குக் கொடுத்துவிட்டார்; அது மறுமுறையும் விலைபோயிற்று. நான்காம் பத்தி, திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்யும் பிள்ளைகள் கைப்பேசி வழியே அனுப்புவது. அனுப்பியவனின் பெயருக்கு நேரே அவனுடைய தகப்பனார் பெயரையும் தெருவையும் எழுதிவைத்திருந்தார். "பேரு மட்டும் எழுதுனா பணம் வந்ததுன்னு ஆகும். தெருவையும் எழுதுனாத்தான் புள்ள வந்தான்னு ஆகும், சார்" என்றார்.

அரசாங்கத்தின் உதவியைப் பற்றியும் கேட்டேன். பழைய தேவாலயங்களைப் பழுது பார்க்கத் தமிழ்நாடு அரசு 2016-17 முதல் மானியம் வழங்கி வருகிறது. தேவாலயம் முறையாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். சீரமைப்புக்காக வெளிநாட்டிலிருந்து பணம் பெற்றிருக்கக் கூடாது. கட்டடத்தின் வயதைப் பொறுத்துத் தொகை நிர்ணயமாகும். விண்ணப்பம் ஆட்சியர் வழியே போகும். இவர்களும் விண்ணப்பித்திருக்கிறார்கள். அது வந்தால் உத்தரங்களுக்கு ஆகும். வராவிட்டால் இன்னும் இரண்டு அறுவடை காத்திருப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கடன் வாங்கிக் கட்டிய கோபுரத்தின் கீழே வட்டி கணக்குப் பார்க்கும் பங்குகளையும் நான் அறிவேன்.

கோயிலின் பின்புறம் தென்னோலைப் பந்தலில் செட்டிநாட்டுப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் காரை தயாரித்துக்கொண்டிருந்தார். கொட்டை நீக்கி இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தார்கள். பல நாள் ஊறிப் புளித்த அந்தத் தண்ணீர் கருந்தேன் நிறமாக, மேலே நுரை படிந்து, கள்ளின் வாடையும் தோலின் வாடையும் கலந்த ஒரு மணத்தோடு இருந்தது. நீற்றிய சுண்ணாம்பையும் மணலையும் அரைத்தெடுத்த கலவையில் அதை அவர் கரண்டி கரண்டியாக விட்டு, கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார், பிசுபிசுப்புப் போதாதென்று மறுபடி விட்டார், மறுபடி தேய்த்தார். பிறகு என் உள்ளங்கையில் ஓர் உருண்டை வைத்து, "அழுத்துங்க" என்றார். வெண்ணெய் போல வழிந்து, விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு விட மறுத்தது. "கடுக்கா எங்கேருந்து வருது?" என்று கேட்டேன். மேற்கே நீல நிறமாகத் தெரிந்த மலையைக் கையால் காட்டினார்.

"மலைமேல நம்ம பங்குக் குடும்பங்க கொஞ்சம் இருக்கு. அவங்கதான் குடுத்து அனுப்புறாங்க" என்று பொருளாளர் சொன்னார். பேரேட்டில் அவர்கள் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டதற்கு, "அவங்க ஏழைங்க சார், வரி போடல" என்றார்.

கச்சிராயபாளையம்

மலையேறும் பாதையில் கச்சிராயபாளையம் வரும்போது கரும்பின் வாசனை முன்னால் வந்து சேர்ந்துவிடுகிறது. அரவைக் காலமாதலால் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. வயலோரத்தில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் ஒரு தகப்பனும் மகனும் கொப்பரையைச் சாய்த்துப் பாகை மரத்தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓலைத் துண்டில் எடுத்துக் கொடுத்த சூடான பாகு, நாக்கில் பட்டபோது புகையும் மண்ணும் மணத்தது. கோயில் சுவரில் சேர்கிற வெல்லம் இப்படிப்பட்ட கொட்டகைகளில் காய்ச்சப்படுவது. கடுக்காய் மலையில் காய்ப்பது. சமவெளியின் இனிப்பும் மலையின் துவர்ப்பும் சேர்ந்தால்தான் சுண்ணாம்பு நன்றாக இறுகும். கோமுகி அணையின் நீர்ப்பரப்பைச் சிறிது நேரம் நின்று பார்த்தேன். கடலைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, நாற்புறமும் கரையுள்ள நீர் எப்போதும் ஒரு வியப்பு.

வெள்ளிமலை

வளைந்து வளைந்து ஏறும் சாலையில் கரியாலூரைத் தாண்டி வெள்ளிமலையை அடையும்போது காற்றின் சுபாவமே மாறிவிடுகிறது. அறுவடையான சாமைக் காடுகள் மஞ்சளாகக் கிடந்தன, சரிவுகளில் மரவள்ளி, பாறைகளுக்கு நடுவே பலாவும் புளியும் கடுக்காய் மரங்களும். இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள், பேசுவது தமிழ், பெரும்பாலோர் வணங்குவது கரியராமனை. கிறிஸ்தவக் குடும்பங்கள் மிகச் சில.

வெள்ளிமலை அடங்கிய கல்வராயன் மலையின் சரித்திரத்தில் ஒரு விஷயம் வெளியூரார் பலருக்கும் தெரியாது. நாடு 1947இல் சுதந்திரம் அடைந்த பின்னும் இம்மலை சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலேயே இருந்து, 1976இல்தான் அந்த ஜாகீர்கள் ஒழிந்தன. அதுவரை இம்மலையின் ஜனங்கள் ஜாகீர்தாருக்கு வரியும் கொடுத்து, கூலியில்லாமல் வேலையும் செய்து வந்தார்கள்.

நான் தேடிச் சென்ற குடும்பத்தின் பெரியவர், அந்தக் காலத்தைச் சிறுவனாகக் கண்டவர். வாசலில் பாயை விரித்து அதில் கடுக்காயைக் காயப் போட்டிருந்தார்; மஞ்சள் கலந்த பச்சை நிறக் காய்கள் வெயிலில் சுருங்கி, ஐந்து வரிப்பட்டைகள் தெரிய மரத்துண்டுகளாக மாறிக்கொண்டிருந்தன. அவருடைய மருமகள் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். சாமை வாயில் உதிர்ந்து, அரிசியைவிட லேசாக, மெல்ல மெல்ல ஒரு தித்திப்பைக் கொடுத்தது. பங்குச் சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைக்கிறார். பறிப்புக் காலத்தில் பிள்ளைகள் கேரளத்துத் தோட்டங்களுக்கு மிளகு பறிக்கவும், குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்கும் போய்விடுவதால், அந்தப் பூசைக்குக் கிழவர்களும் குழந்தைகளுமே இருப்பார்கள்.

கோயில் திருப்பணியைப் பற்றிப் பேச்செடுத்தேன். இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருப்பதாகவும், கூட்டுறவுச் சங்கத்துக்கும் வியாபாரிக்கும் போடுவதற்கு முன்னால் கோயிலுக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். இதை வரவில் எழுதினார்களா என்று நான் கேட்டபோது சற்று நேரம் பேசாதிருந்தார்.

"எங்களுக்கு வரி போடலீங்க" என்றார்.

"ஏழைகள் என்று விட்டுவிட்டார்களாம், ஐயா."

"அது அவங்க நல்ல மனசு. ஆனா வரி போடாதவன் விருந்தாளிங்க. நாங்க விருந்தாளி இல்லீங்களே."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எங்கப்பா ஜாகீருக்கு வரி கட்டுனாரு. கட்டலைன்னா அடி. அது பயத்துக்குக் கட்டுன வரி. இது வேற. மாதா கோயிலுக்கு வரி போடுங்கன்னு நாங்களே கேக்குறோம். கடுக்காய சும்மா குடுத்ததா எழுதாதீங்கன்னு சாருகிட்ட சொல்லுங்க. வரியில கழிக்கச் சொல்லுங்க. பாக்கிய சாம வித்ததும் குடுக்குறோம்."

எறையூரின் தெருவில் என் மனத்தை வருத்திக்கொண்டிருந்த கேள்விக்கு, இந்த மனிதரிடமிருந்து இவ்வளவு தெளிவான விடை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. கொடுப்பதால் ஆளும் உரிமை வருவதில்லை. ஆனால் கொடுக்கும் உரிமையே மறுக்கப்பட்டவன் அந்தக் கோயிலில் எந்த உரிமையோடு நிற்பான்? மலையின் தலைக்கட்டுகள் யார் யார் என்று அவர் சொல்லச் சொல்ல, அவருடைய பேத்தி பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளில் எழுதினாள். ஆணில்லாத வீடுகளுக்கு விதவைகளின் பெயரையே தலைக்கட்டாக எழுதச் சொன்னார். கேரளத்துக்குப் போயிருக்கும் பிள்ளைகளின் பெயர்களைப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எழுதினாள்.

திரும்பும் வழியில் அந்தத் தாளையும், பெரியவர் என்னோடு அனுப்பிய இரண்டு மூட்டைக் கடுக்காயையும் பொருளாளரிடம் சேர்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை முழுவதும் படித்தார். எனக்கு மறுமொழி எதுவும் சொல்லாமல், பேரேட்டில் அன்பியங்களின் வரிசை முடியும் பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், 'வெள்ளிமலை' என்று தலைப்பிட்டு, பெயர்களை ஒவ்வொன்றாக எழுதினார். முதற் பெயருக்கு நேரே 'கடுக்காய் 2 மூட்டை, தலைக்கட்டு வரியில் வரவு' என்று குறித்த பிறகுதான் நிமிர்ந்தார். வரி கொடுப்பவர்களுக்கு நிதிக்குழுவில் ஓர் இடம் கொடுப்பது வழக்கமாகையால், மலைக்கும் ஓர் இடம் கொடுக்கவேண்டி வரும். பங்குப் பேரவையில் அதற்குச் சிலர் தடை சொல்லவும் கூடும் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பேசுவதென்றும், அன்று மலையிலிருந்து பெரியவரையே வரச்சொல்லி ஆள் அனுப்புவதென்றும் தீர்மானித்துக்கொண்டு, பேரேட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.